தாம்பாளத்தில் என் பக்கம்

இதில் இரும் பிள்ளை. என் பையை மடியில் எடுத்துக்கொள்கிறேன். உடையக்கூடியது ஒன்றும் அதில் இல்லை. உமது கழுத்தில் தொங்கும் அட்டையில் பெயரைப் பார்த்தேன். நிரோஜினி. தமிழ்ப் பிள்ளை என்றபடியால்தான் கூப்பிட்டேன். விமான நிலையத்தில் வேலையா? அப்படியென்றால் இந்த பஸ்ஸின் கடைசித் தரிப்புவரை போவீர். நான் அதற்கு முன்னமே இறங்கவேண்டும். இன்னும் பதினாறு தரிப்பு இருக்கிறது. அந்தத் தொலைபேசியைப் பைக்குள் வையும் என்று நான் சொல்லமாட்டேன், அது உமது விருப்பம். வைத்தால் நல்லது.

நான் கதைப்பது புத்தகம் வாசிப்பதுபோல் இருக்கிறது என்று என் மகன் சொல்வான். இருக்கட்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் முப்பத்தொரு வருடம் புவியியல் படிப்பித்தவள் நான். ஒரு வசனத்தைத் தொடங்கினால் அதை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவேன். யோகாம்பிகை ரீச்சர் என்று உமது தாயாரிடம் கேட்டுப் பாரும், தெரிந்திருக்கலாம்.

எங்கே போகிறேன் என்று நீர் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைக்கிறீர். சாப்பிடப் போகிறேன். ஒரு சோமாலியக் கடை. ஸ்காபரோவில் என் மகன் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் பதினொரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன, எண்ணியிருக்கிறேன். அவற்றையெல்லாம் தாண்டி, இரண்டு பஸ்ஸும் நடுவே ஒரு சுரங்க ரயிலுமாக, ஒரு மணி நாற்பது நிமிடம் பயணம் செய்து, புதன்கிழமைதோறும் அங்கே போகிறேன். செவ்வாயும் வெள்ளியும் நான் மச்சம் மாமிசம் சாப்பிடுவதில்லை. ஆகவே புதன். அந்தக் கடைச் சூப் நன்றாக இருக்கும்.

இன்று கடைசிப் புதன். கடையை மூடிவிட்டு அந்தக் குடும்பம் எட்மன்டனுக்குப் போகிறது. வீதியால் போனால் மூவாயிரத்து நானூறு கிலோமீற்றர். அந்தக் குடும்பத்தில் என் மகளும் ஒருத்தி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் ஒளித்தேன் என்று இருக்கக்கூடாது. வாசுகி அந்த வீட்டு மருமகள். நான்கு வருடமாக அவளும் நானும் கதைப்பதில்லை. இன்றைக்குக் கதைக்காவிட்டால் இனி எங்கே கதைப்பது என்று நீர் கேட்கலாம். ஆனால் நான் போவது முறைப்பாடு செய்வதற்கு. நான்கு முறைப்பாடுகள். ஒரு தாளில் இலக்கமிட்டு எழுதி இந்தப் பைக்குள் வைத்திருக்கிறேன்.

நான் எளிதில் முறைப்பாடு செய்பவள் அல்லள். ஆனால் ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது.

வாசுகி அந்த வீட்டுப் பையனைப் பற்றி வந்து சொன்ன நாள் எனக்கு நல்ல ஞாபகம். நான் முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். பெயர் லீபான் என்றாள். நாட்டைச் சொன்னாள். அந்த நாட்டை முப்பத்தொரு வருடம் கரும்பலகையில் வரைந்தவள் நான். ஏழு என்ற இலக்கத்தைப் போல் இருக்கும், கை நடுங்காமல் இரண்டு கோட்டில் வரைந்துவிடலாம். இரண்டு ஆறுகள். ஏற்றுமதி: ஆடு, வாழைப்பழம், சாம்பிராணி. வாசுகியே என் வகுப்பில் முன்வரிசையில் இருந்து அதை வரைந்து பத்துக்குப் பத்து வாங்கியவள். அந்த நாட்டின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. படத்தில் இருக்கும் நாட்டுடன் ஒருவருக்கு என்ன குறை இருக்க முடியும்? ஆனால் படத்தில் இருந்த நாடு எழும்பி வந்து நம்முடைய வாசலில் சப்பாத்தைக் கழற்றினால், அது வேறு விடயம்.

நான் கத்தவில்லை. கத்துவது என் வழக்கம் இல்லை. "போனால் போனதுதான்" என்று மட்டும் சொன்னேன். அவள் போனாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுபவள் நான்; ஆகவே போனதாகவே வைத்துக்கொண்டேன். கலியாணத்துக்கு மகன் போனான். என்ன சாப்பாடு போட்டார்கள் என்று மட்டும் கேட்டேன். சோறும் ஆட்டிறைச்சியும் என்றான். சரி என்றேன்.

பிறகு போன புரட்டாதியில் கோயிலில் ஒருவர் சொன்னார், வாசுகி மருந்துக்கடை வேலையை விட்டுவிட்டாளாம், மாமனார் இறந்தபிறகு மாமியாருக்கு உதவியாகக் கடைக் குசினியில் நிற்கிறாளாம் என்று. படித்த பிள்ளை. மருந்துகளின் பெயரெல்லாம் நுனிநாக்கில் வைத்திருந்த பிள்ளை, குசினியில். சுகாதாரம் எப்படியிருக்கிறது என்று ஒருவர் பார்க்கத்தானே வேண்டும். அதற்காகப் போனேன். வீட்டில் நூல்நிலையத்துக்குப் போகிறேன் என்று சொன்னேன். அதுவும் முழுப் பொய் இல்லை. வழியில் ஒரு நூல்நிலையம் இருக்கிறது.

சின்னக் கடை. ஒரு சலவைக் கடைக்கும் ஒரு பயண முகவருக்கும் நடுவில். ஆறு மேசைகள். கை கழுவும் தொட்டி உள்ளே நுழைந்தவுடனேயே இருக்கிறது. அது எனக்குப் பிடித்தது, எழுதி வைத்தேன். கம்பளித் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு சூடேற்றிக்குப் பக்கத்து மூலை மேசையில் இருந்தேன். என்னை ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை.

அங்கே யார் வந்து உட்கார்ந்தாலும் முதலில் ஒரு கிண்ணம் சூப் வரும். கேட்கவேண்டியதில்லை, அது அவர்கள் முறை. கொண்டுவந்து வைத்தவர் லீபானின் தாயார். ருக்கியா என்று பெயர். உயரமான மனுஷி, என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். சூப்பை வைத்துவிட்டு நான் முதல் வாய் குடிக்கும்வரை அப்படியே நின்றார். குடித்தேன். பிள்ளை, நான் எவரையும் எளிதில் பாராட்டுபவள் அல்லள். ஆட்டெலும்பை மணிக்கணக்காக அவியவிட்டு, மிளகும் மல்லியும் உள்ளியும் இடித்துப் போட்டு, இறக்கும் நேரத்தில் பெருஞ்சீரகம் தூவி மூடியிருந்தார்கள். காரம் மூக்கில் ஏறியது. எவ்வளவு தூரத்து நாடு, எவ்வளவு சரியான கைப்பக்குவம் என்று நினைத்தேன். சோமாலியாவில் மிளகு விளைவதில்லையே என்றும் யோசித்தேன். இறக்குமதியாக இருக்கும் என்று முடிவு செய்தேன்.

வாசுகி வெளியே வரவில்லை. குசினிக்கும் கடைக்கும் இடையில் சுவரில் சதுரமாக ஒரு துவாரம் விட்டிருக்கிறார்கள். சமைத்தவற்றை உள்ளிருந்து அதில் வைப்பார்கள். வெளியில் நிற்பவர் எடுத்துப் பரிமாறுவார். அந்தத் துவாரத்தில் ஒரு கை மட்டும் வரும், ஒரு சாப்பாட்டுக் கோப்பையை வைக்கும், போய்விடும். வலது மணிக்கட்டில் ஒரு தழும்பு. ஏழு வயதில் கஞ்சி வடிக்கப் போய்ச் சுட்டுக்கொண்டது. மருந்து போட்டவள் நான்.

கையைப் பார்க்கத்தான் போனேன் என்று நீர் நினைக்கவேண்டாம். நான் இருந்த இடத்திலிருந்து துவாரம் நேராகத் தெரிந்தது, கை வந்தது, பார்த்தேன். அவ்வளவுதான். ஒரு மணித்தியாலத்தில் முப்பது, முப்பத்தைந்து தடவை வரும். ஒரு புதன் கடும் பனி, ஆட்கள் குறைவு, பதினேழு தடவைதான் வந்தது. அன்று வீடு திரும்பிய பிறகு எனக்கு ஒன்றும் ஓடவில்லை. காலநிலை காரணமாக இருக்கலாம்.

சூப்புக்குப் பிறகு சோறு. சோற்றின்மேல் இறைச்சி. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு முழு வாழைப்பழம். பிள்ளை, சோற்றின்மேல் வாழைப்பழம். நான் ருக்கியாவை அழைத்து, பழம் சாப்பாட்டுக்குப் பிறகு வரவேண்டும், அதுவும் வேறு தட்டில், என்று விளக்கினேன். அவர் சிரித்தார். பழத்தை உரித்து, ஒரு துண்டு முறித்து, சோற்றுடன் சேர்த்து வாயில் வைப்பதுபோல் கையால் காட்டினார். நான் பழத்தை ஓரமாக வைத்தேன். அடுத்த புதனும் சோற்றின்மேல் பழம். கரண்டி கேட்டால் கரண்டி வரும், ஆனால் இரண்டாவது தடவை கேட்டபிறகு. பன்னிரண்டு புதன் பழத்தைப் பற்றிச் சொன்னேன். பன்னிரண்டு புதனும் சிரித்தார்.

என்ன? நாங்கள் புட்டுடன் வாழைப்பழம் பிசைந்து சாப்பிடுவதில்லையா என்றா கேட்கிறீர்? அது புட்டு. அது வேறு. இதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

இன்னும் பதினொரு தரிப்பு.

கூட்டம் குறைந்தால் ருக்கியா என் எதிரில் வந்து உட்காருவார். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம். நான் மெதுவாகக் கதைப்பேன். ஊரில் அவர்களுக்கு ஆற்றங்கரையில் வாழைத்தோட்டம் இருந்ததாம். அந்த ஆற்றின் பெயரை நான் சொன்னேன். அவர் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். அது எங்கே தொடங்கி எங்கே மணலில் மறைகிறது என்பதையும் சொன்னேன். இந்த நாட்டுக்கு வந்து இருபத்தெட்டு வருடத்தில் எவரும் தன்னிடம் அந்த ஆற்றைப் பற்றிக் கதைத்ததில்லை என்றார். பாடப்புத்தகத்தில் இருக்கிறது என்றேன்.

உள்ளிருந்து வாசுகியின் குரல் "ஹோயோ" என்று கூப்பிடும். ருக்கியா எழுந்து போவார். லீபானும் தாயை அப்படித்தான் கூப்பிடுவான். அர்த்தம் என்னவென்று எவரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தச் சொல்லை ஒரு பிள்ளை எத்தனை பேருக்குக் கொடுக்கலாம் என்பதில் எனக்குச் சில கருத்துகள் உண்டு. அவற்றை நான் வெளியில் சொல்லவில்லை.

ஒருநாள் ருக்கியா என்னிடம், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். ஒரு மகன் என்றேன்.

அவர் எழுந்தார். என் கிண்ணத்தை எடுத்துப்போய் மறுபடியும் சூப் நிறைத்துக் கொண்டுவந்தார். துவாரம் என் மேசையிலிருந்து நான்கைந்து அடி தூரம்தான். உள்ளே ஏதோ ஒரு பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. குசினி என்றால் பாத்திரம் விழும்.

சரி. இப்போது விடயத்துக்கு வருகிறேன். பத்தொன்பதாவது புதன். தை மாதக் கடைசி. நான் போய்ச் சேர மத்தியானம் இரண்டரை ஆகிவிட்டது. ஆட்கள் சாப்பிட்டுப் போய்விட்டார்கள். ருக்கியா என்னைக் கண்டதும் போய்க் கதவில் தொங்கிய பலகையை மூடியிருக்கிறது என்ற பக்கத்துக்குத் திருப்பினார். நேரம் கடந்துவிட்டது, என்னை அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்து நான் எழும்பப் பார்த்தேன். அவர் என் தோளைப் பிடித்து இருத்தினார்.

பிறகு ஒரு தாம்பாளம் கொண்டுவந்தார். எங்கள் ஊரில் சம்பந்தம் கலக்கப் போகும்போது பழம் பாக்கு வைத்துக் கொண்டுபோகும் அளவுத் தாம்பாளம். அது நிறையச் சோறு. நடுவில் ஆட்டுத் தொடை ஒன்று முழுதாக. சுற்றிவர உருளைக்கிழங்கு. நான்கு வாழைப்பழம். அதை என் மேசையின் நடுவில் வைத்தார். கோப்பைகள் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. கரண்டியும் வரவில்லை. லீபான் கை கழுவிவிட்டு வந்து, எனக்கு வணக்கம் சொல்வதுபோல் தலையைக் குனிந்து, என் வலதுபக்கம் உட்கார்ந்தான். ருக்கியா எதிரில் உட்கார்ந்தார். இடதுபக்கம் ஒரு நாற்காலியை இழுத்துவைத்துவிட்டு அதை வெறுமையாக விட்டார்கள். கடவுளின் பெயரைச் சொன்னார்கள். இரண்டு பேரும் அதே தாம்பாளத்தில் கை வைத்தார்கள்.

எங்கள் வீட்டில் நாங்கள் எப்படி வளர்ந்தோம் என்று உமக்குத் தெரியும். உமது வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும். தண்ணீர்ச் செம்பை அண்ணாந்து குடிக்கவேண்டும். சாப்பிட்ட கையால் கறிச் சட்டியைத் தொடக்கூடாது. என் கணவருடன் முப்பத்திரண்டு வருடம் வாழ்ந்தேன். ஒரே கோப்பையில் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. எச்சில் என்பது சாதியும் இல்லை, சமயமும் இல்லை. அது சுகாதாரம். இதை நான் ஆண்டு ஆறு பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ருக்கியா ஒரு பிடி சோறு எடுத்து வாயில் வைத்தார். பிறகு அதே கையால் தொடையிலிருந்து நல்ல மெதுவான பாகத்தைக் கிள்ளி எடுத்து, தாம்பாளத்தில் என் பக்கம் தள்ளி வைத்தார். என்னைப் பார்த்தார். லீபானும் பார்த்தான்.

நான் என்ன செய்திருக்கவேண்டும் என்று நீர் நினைக்கிறீர்? கைப்பையைத் திறந்தேன். கிருமிகளைக் கொல்லும் அந்தத் திரவப் போத்தல் எப்போதும் என் பையில் இருக்கும். எடுத்து, உள்ளங்கையில் இரண்டு துளி விட்டு, விரல்களுக்கு இடையிலெல்லாம் நன்றாகத் தேய்த்தேன். என் கையில் எதுவும் படவில்லைதான். ஆனாலும் தேய்த்தேன்.

அந்த நேரம் பார்த்துக் குசினிக் கதவு திறந்தது. வாசுகி ஏப்ரனில் கையைத் துடைத்தபடி வந்தாள். நான்கு வருடத்தில் முதல் தடவையாக முழு ஆளாகப் பார்க்கிறேன். தலையில் துணி கட்டியிருந்தாள். மெலிந்திருந்தாள். கன்னத்து எலும்பு தெரிந்தது. அந்த வெறும் நாற்காலியின் முதுகில் ஒரு கையை வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் தேய்த்துக்கொண்டிருந்த கைகளைப் பார்த்தாள். அந்தத் திரவத்தின் மணம் உமக்குத் தெரியும், சின்னக் கடை முழுவதும் அதுதான் மணத்தது.

நான் எழுந்து நின்றேன்.

"அம்மா, இது கடைத் தட்டு இல்லை" என்றாள்.

நான்கு வருடத்தில் அந்தச் சொல்லை அவள் என்னை நோக்கிச் சொன்னது அப்போதுதான். நான் அதைக் கவனிக்காமல் விட்டவள் அல்லள். ஆனால் அவள் சொன்ன விடயத்துக்குத்தானே பதில் சொல்லவேண்டும். கடைத் தட்டாக இருந்திருந்தால் ஆளுக்கொன்று வந்திருக்கும், சுடுதண்ணீரில் கழுவப்பட்டிருக்கும்.

"தெரிகிறது" என்றேன்.

வெளியில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. பஸ் தரிப்பில் நிற்கும்போது ருக்கியா ஓடிவந்தார், குளிருடுப்பு இல்லாமல், செருப்புக் காலுடன். நான் என் கம்பளித் தொப்பியை நாற்காலியில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அதை என் தலையில் போட்டு, இரண்டு காதையும் மூடி இழுத்துவிட்டார். விரல்களில் சோற்றின் எண்ணெய் இருந்தது. நன்றி என்றேன். நான் மரியாதை தவறுபவள் அல்லள்.

இதுவரை விளங்குகிறதா? ஏழு தரிப்பு இருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

அடுத்த புதன் போனேன். போகாமல் விட்டால் நான் ஏதோ பிழை செய்ததுபோல் ஆகிவிடும் அல்லவா. மேசையில் எனக்காகக் கடதாசித் துவாலையில் சுற்றிய கரண்டி, முள்ளுக்கரண்டி, கத்தி. தனிக் கோப்பை. சோற்றின்மேல் பழம் இல்லை. சாப்பிட்டு முடிந்தபிறகு சின்னத் தட்டில் தனியாக, நான் பன்னிரண்டு புதன் எப்படிச் சொன்னேனோ அப்படியே, பழம் வந்தது. ருக்கியா என்னை மேடம் என்றார். சிரிக்கவில்லை. வேறு ஏதாவது வேண்டுமா மேடம் என்றார். கேட்டது எல்லாம் கிடைத்தது.

அதுதான் பிள்ளை என் முறைப்பாடு. வேறு முறைப்பாடு ஒன்றும் இல்லை.

இல்லை, தாளில் நான்கு இருக்கின்றன. முதலாவது சூப். மிளகு இல்லை. மல்லி இல்லை. தேசிக்காய்ப் புளியும் முட்டைக்கோவாத் துண்டுகளும் மிதந்தன. மற்ற மேசைகளில் எல்லாரும் அதைத்தான் ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது, எதிரில் உட்கார்ந்து கதைப்பதை ருக்கியா நிறுத்திவிட்டார். மூன்றாவது பழம். நான்காவது அந்தத் துவாரம். அன்று முப்பத்துமூன்று தடவை கை வந்தது. எல்லாம் லீபானின் கை.

அதற்கு அடுத்த புதனும் அப்படியே. போன புதன் போனபோது கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மாதக் கடைசியுடன் கடை மூடப்படுகிறது, இவ்வளவு காலம் வந்தவர்களுக்கு நன்றி, எட்மன்டனில் மகனுக்கு வேலை, என்று. அதை நான் மூன்று தடவை வாசித்தேன். உள்ளே போய் உட்கார்ந்தேன். சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டுத் தள்ளி வைத்தேன்.

பக்கத்து மேசையில் வர்சாமே என்று ஒருவர். டாக்சி ஓட்டுபவர், கடை திறந்த நாளிலிருந்து வருபவர், எப்போதும் தொலைக்காட்சிக்கு எதிரில் இருப்பார். அவர் என் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, நீங்கள் குசினிப் பிள்ளையின் தாயார்தானே, உங்களுக்கு எங்கள் சூப் பிடிக்கவில்லையா, என்று கேட்டார்.

எப்படித் தெரியும் என்றேன். அவர் வியப்பாகப் பார்த்தார். எல்லாருக்கும் தெரியும் என்றார். நீங்கள் முதன்முதல் கதவைத் திறந்து வந்தபோதே அந்தப் பிள்ளை துவாரத்தால் கண்டுவிட்டது. அடுப்பில் உங்களுக்கென்று ஒரு சட்டி தனியாக ஏறியது. அன்றிலிருந்து செவ்வாய் பின்னேரமே எலும்பு வாங்கி வைப்பார்கள், என்றார். மூக்கில் ஏறும் அந்த மணம் பட்டு ஒருநாள் தானும் ஒரு கிண்ணம் கேட்டாராம். அது விற்பனைக்கு இல்லை, வீட்டுக்கு, என்று ருக்கியா சொல்லிவிட்டாராம்.

தாம்பாளத்தைப் பற்றியும் அவரே சொன்னார். நான் கேட்கவில்லை. அவர்களுடைய முறையில் கடைக்கு வருபவருக்குத் தனிக் கோப்பை. வீட்டு ஆளுக்கு ஒரே தாம்பாளம். அதிலும் ஒழுங்கு இருக்கிறதாம், பிள்ளை. அவரவர் தன் பக்கத்துச் சோற்றைத்தான் எடுக்கவேண்டும். அடுத்தவர் பக்கம் கை போகக்கூடாது. நல்ல துண்டு தன் பக்கம் இருந்தால் அதை மற்றவர் பக்கம் தள்ளிவிடலாம். அது மட்டும்தான் அனுமதி. என்னை அந்தத் தாம்பாளத்தில் இருத்துவதா வேண்டாமா என்று வாசுகி இரண்டு மாதம் யோசித்தாளாம். அம்மா எழும்பிப் போய்விடுவா என்று சொன்னாளாம். ஒரு தாய் எழும்பிப் போகமாட்டாள் என்று ருக்கியா சொன்னாராம்.

நான் வர்சாமேக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வீடு வரும்வரை, பெருஞ்சீரகத்தை இறக்கும் நேரத்தில் தூவி மூடுவது யாருடைய முறை என்று யோசித்துக்கொண்டு வந்தேன். என் முறை. வாசுகிக்குக் காய்ச்சல் வந்தால் அப்படித்தான் எலும்பு ரசம் வைத்துக் கொடுப்பேன். பத்தொன்பது புதன் அதைக் குடித்தேன், பிள்ளை. இறக்குமதி என்று நினைத்தேன்.

கண்ணாடியில் ஆவிப் புகார் படிந்துவிட்டது, துடைக்கவேண்டும். இந்த பஸ்ஸில் சூட்டை அளவுக்கு மீறிப் போடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் மருமகளின் கோப்பையிலிருந்து ஒரு துண்டு உருளைக்கிழங்கை எடுத்து என் வாயில் போட்டேன். சும்மா, ஒரு பரிசோதனை. அவள் என் மகனைப் பார்த்து, வைத்தியருக்குத் தொலைபேசி அடிப்போமா என்று கேட்டாள். அவன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை எனக்கு. உருளைக்கிழங்கில் உப்புக் குறைவு, அவ்வளவுதான்.

இந்தக் கையைப் பாரும். நகம் நேற்று வெட்டியது. செவ்வாய்க்கிழமை நகம் வெட்டக்கூடாது என்பார்கள்; நானும் எழுபத்தாறு வயதுவரை வெட்டியதில்லை. மோதிரத்தை இடதுகைக்கு மாற்றியிருக்கிறேன். விரல் வீங்குகிறது, அதனால்.

இன்றைக்கு அவர்கள் தாம்பாளம் வைப்பார்களா என்று எனக்குத் தெரியாது. வைக்கவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. சாமான்களைக் கட்டுபவர்கள்; அந்தத் தாம்பாளம் இப்போது எந்தப் பெட்டிக்குள் இருக்கிறதோ. வைக்காவிட்டால் கேட்கவேண்டும். முப்பத்தொரு வருடம் மற்றவர்களிடம் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவளுக்கு இந்த ஒரு கேள்வி வருகுதில்லை. தாம்பாளம் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது மேடம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டால்? எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று மறுபடியும் ஒருமுறை கேட்கும்படி ருக்கியாவிடம் சொல்லலாமா என்று பார்க்கிறேன். இரண்டு பிள்ளைகள் என்று சொல்வேன், துவாரத்துக்குக் கேட்கும் அளவுக்கு. வகுப்பறைக் குரல் இன்னும் என்னிடம் இருக்கிறது.

முறைப்பாட்டுத் தாளா? இருக்கிறது. கொடுக்கத்தான் வேண்டும் என்று இல்லை.

அந்த மணியை அமத்தும் பிள்ளை, அடுத்த தரிப்பு என்னுடையது. பையைத் தோளில் போட்டுவிட்டேன். கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன், விழமாட்டேன்.

என்ன அது? ஓ, கைக்குப் போடும் திரவம். கம்பியைத் தொட்டபடியால் தருகிறீர். கவனமான பிள்ளை; உமது தாயாரிடம் நான் சொன்னதாகச் சொல்லும். என்னுடைய போத்தல் இன்றைக்குப் பையில் இல்லை. வீட்டில் மறந்துவிட்டேன். நான் ஒன்றையும் மறப்பவள் அல்லள், ஆனால் மறந்துவிட்டேன்.

வேண்டாம் பிள்ளை, உள்ளே வையும். கடைக்குள் நுழைந்தவுடன் தொட்டி இருக்கிறது, சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொள்வேன். இதன் மணம் லேசில் போகாது, சோற்றில் ஏறும். என் பக்கத்துச் சோற்றில் மட்டும் என்றால் பரவாயில்லை.